ஓவர்கிளாக் செய்யப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

ஓவர்கிளாக் (ப்ராசசரையோ ரேமையோ வழக்கமான வேகத்துக்கு மேலே ஓட்டுவது) என்றதும் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ப்ராசசர் புகைஞ்சு போயிடுமா?" என்பதுதான். அவ்வளவு சுலபத்தில் போகாது. சூடு எல்லையைத் தொட்டால் இன்றைய ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினியை அணைத்துவிடும். பயப்பட வேண்டிய விஷயம் வேறு. ஓவர்கிளாக் சரியாக அமையாத கணினியும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது புரிந்தது ஒரு போட்டோ ஃபோல்டரால். ரேமை அதன் பெட்டியில் போட்டிருந்த வேகத்துக்கும் மேலே ஏற்றினேன். இரண்டு மணி நேரம் கேம் ஓடியது, ஒரு தடுமாற்றமும் இல்லை. அந்தத் தெம்பில் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்த வீட்டுப் படங்களைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, பழையதை ஃபார்மேட் செய்து உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், சில படங்களில் தலை இருக்கிறது, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ரேமில் ஒரு பிட் தவறினால் அந்தத் தவறுதான் டிஸ்கில் போய் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் இந்தக் கட்டுரையில் வேகத்தை ஏற்றுவதற்குக் கொஞ்சம் இடமும், ஏற்றியது நிற்கிறதா என்று பார்ப்பதற்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும்?

1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு ப்ராசசர் வந்தது. பஸ் வேகத்தை (ப்ராசசரின் வேகத்துக்கு அடிப்படையான துடிப்பை) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது 450-ல் ஓடும். காசில்லாமல் ஒன்றரை மடங்கு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கம்பெனியே சிப்பைக் கசக்கிப் பிழிந்துதான் அனுப்புகிறது. சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்து ப்ராசசர் தானே 'பூஸ்ட்' ஆகிக்கொள்கிறது. ஆகவே ப்ராசசரில் நீங்கள் கூட்டப்போவது சில சதவீதம் மட்டுமே. ரேமில் கதை வேறு. நிறையப் பேருடைய ரேம், வாங்கிய வேகத்தில் ஓடுவதே இல்லை. அதைச் சரிசெய்வதுதான் பெரிய லாபம், அதனால் அதை முதலில் செய்வோம்.

உதாரணத்துக்கு என் மேசையில் இருக்கும் கணினியையே வைத்துக்கொள்கிறேன்: ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, 3600 வேகம் போட்ட டிடிஆர்4 ரேம் இரண்டு குச்சி. இன்டெல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் போர்டு இடம் கொடுக்குமா?

ரைசன் ப்ராசசர்களில் பெரும்பாலானவை பூட்டில்லாமல்தான் வருகின்றன. ஆனால் ஏ320, ஏ520 சிப்செட் போர்டுகளில் ப்ராசசர் வேகத்தில் கை வைக்க முடியாது, ரேமை மட்டும் மாற்றலாம். பி450, பி550, எக்ஸ்570 போர்டுகளில் இரண்டும் முடியும். 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி போன்றவை விதிவிலக்கு, அவற்றின் பெருக்கெண்ணை (அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) ஏஎம்டியே பூட்டி வைத்திருக்கிறது. கடையில் கேட்டால் "எல்லாம் ஓடும் சார்" என்பார்கள். போர்டின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பக்கத்தில் நீங்களே பாருங்கள்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்கு ஏஎம்டியும் சரி, இன்டெலும் சரி, பொறுப்பேற்பதில்லை. சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். சோதனை முடியும்வரை அதைக் கணினியில் செருகக்கூடாது. என் ஃபோல்டர் கதையைச் சொன்னதே இதற்காகத்தான்.

பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) பழையதாக இருந்தால் புதுப்பியுங்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். பயாஸ் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அதைத் திரும்ப எழுதும் தனி பட்டன் இல்லாத போர்டு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

கூலரைப் பாருங்கள். 5600எக்ஸுடன் பெட்டியில் வரும் சின்னக் கூலர் சாதாரண ஓட்டத்துக்குப் போதும், அதிக மின்சாரம் ஏற்றுவதற்குப் போதாது. நடுத்தர விலையில் ஒரு டவர் கூலர் போட்டால் நிம்மதி. கேபினெட்டின் முன்வலையில் தூசி அடைத்திருந்தால் அதைத் துடைத்தாலே சில டிகிரி இறங்கும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பெயரில்லாத மலிவுச் சரக்கு என்றால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு அதை மாற்றுங்கள்.

நான்கு இலவச மென்பொருள்கள் வேண்டும்: சூட்டையும் வோல்டேஜையும் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ, ரேம் விவரத்துக்கு சிபியு-இசட், சுமை ஏற்ற சினிபெஞ்ச் ஆர்23, ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86. ஐந்தாவது, ஒரு நோட்டு. தேதி, அறையின் வெப்பம், என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று நான்கு கட்டம். சிரிக்காதீர்கள். பயாஸில் இருபது எண்களை மாற்றிவிட்டு எது எதனால் என்று தெரியாமல் விழிக்கும்போது இதன் அருமை தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதுதான் சட்டம்.

எதையும் மாற்றாமல் சினிபெஞ்சை ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டு, மதிப்பெண்ணையும் உச்ச வெப்பத்தையும் முதல் வரியில் எழுதுங்கள். 5600எக்ஸ் என்றால் எல்லாக் கோரும் (கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) ஓடும் சோதனையில் 11,000-ஐ ஒட்டி வரும். அதைவிட ரொம்பக் கீழே இருந்தால் கூலரிலோ தெர்மல் பேஸ்டிலோ கோளாறு. அதைத் தீர்க்காமல் ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம்.

முதலில் ரேம்

முதலில் குச்சிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி போடுவதென்றால், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரட்டைச் சேனல் கிடைக்காமல் பாதி அகலப் பாதையில் ஓடும். எத்தனையோ வீடுகளில் இதை மட்டும் மாற்றி வைத்தே "கம்ப்யூட்டர் புதுசா ஆயிடுச்சே" என்ற பெயரை வாங்கியிருக்கிறேன்.

அடுத்து, கணினியைப் போட்டதும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ் வரும் (சில போர்டுகளில் எஃப்2). அதில் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும். ஆசுஸ் போர்டில் அதன் பெயர் டிஓசிபி, எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி. ரேம் குச்சியிலேயே அதன் தயாரிப்பாளர் எழுதி வைத்த வேகமும் வோல்டேஜும் இதில் இருக்கின்றன. இதை இயக்காதவரை ரேம் 2133 அல்லது 2666 போன்ற பொது வேகத்தில், 1.2 வோல்ட்டில் ஓடும். இயக்கினால் 3600, 1.35 வோல்ட். சேமித்து வெளியே வாருங்கள்.

இப்போது திரை கறுப்பாக இருக்கும். ஒருவேளை தானாகவே இரண்டு மூன்று தடவை அணைந்து எரியும். பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள். புது வேகத்தில் ரேமுடன் பேச மதர்போர்டு பழகிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

விண்டோஸ் வந்ததும் சிபியு-இசட்டில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 1800 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். "3600 என்று வித்துட்டு 1800 குடுத்துட்டானே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். 1800-ன் இரட்டிப்புதான் 3600.

வேகம் மட்டும் பார்த்தால் போதாது, சிஎல் எண்ணும் முக்கியம். கேட்ட தரவு கிளம்பி வர எத்தனை துடிப்பு ஆகும் என்பது அது. காலத்தைக் கணக்கிட, சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடி வரும். 3600 சிஎல்18-க்குப் பத்து நானோ விநாடி. 3200 சிஎல்16-க்கும் அதே பத்து. 2666 சிஎல்19-க்குப் பதினான்குக்கும் மேல். பெரிய எண் போட்ட பெட்டியைப் பார்த்து மயங்காமல் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

5600எக்ஸ் வகையில் 3600 என்ற எண்ணுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ப்ராசசருக்குள் கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ரேமும் ஒரே தாளத்தில் துடித்தால்தான் காத்திருப்பு குறையும். ஃபேப்ரிக் 1800 வரை பெரும்பாலும் சிரமமில்லாமல் போகும். 1900 என்பது அதிர்ஷ்டம். அதையும் தாண்டி ரேமை மட்டும் ஏற்றினால் தாளம் தப்பி, எண் கூடியும் கணினி மந்தமாகும். முதல் தடவைக்கு 3600-ல் நில்லுங்கள். ரேமுக்கு 1.4 வோல்ட்டையோ, சாக் வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) என்று பயாஸ் சொல்லுமே, அதற்கு 1.1-ஐயோ புதியவர்கள் தாண்ட வேண்டிய அவசியமே வராது.

ரேம் சோதனை: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். விண்டோஸுக்குள் போகாமலே சோதனை நடப்பதால் உங்கள் ஃபைல்களுக்கு ஆபத்தில்லை. கவனமாக இருப்பவர்கள் எக்ஸ்எம்பி போட்டதும் விண்டோஸைத் திறக்காமல் நேரே இங்கேதான் வருவார்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

காலையில் பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் தோல்விதான். "நாலு சுற்றுல ஒரே ஒரு தப்புதானே" என்று மனம் சமாதானம் சொல்லும். கேட்காதீர்கள். பிழை வந்தால் வேகத்தை 3466 அல்லது 3200-க்கு இறக்கி மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். நான்கு குச்சி போட்டவர்களுக்கு இப்படி இறக்க வேண்டிவருவது சகஜம். ப்ராசசருக்கு அது கூடுதல் சுமை. பூஜ்யம் வந்த பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையையும் ஒருமுறை ஓட்டினால், ரேம் சூடான நிலையில் தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ப்ராசசர்: ஏற்றுவதற்கு இறக்க வேண்டும்

பழைய பாணியில் எல்லாக் கோருக்கும் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ் என்று நிலையாக எழுதிவைப்பார்கள். ரைசனில் அதைச் செய்யாதீர்கள். 5600எக்ஸ் ஒரு கோர் வேலையில் தானாகவே 4.6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. நீங்கள் எல்லாக் கோருக்கும் 4.5 என்று ஆணி அடித்தால் அந்த உச்சம் போய்விடும். இன்னொரு பொறியும் இருக்கிறது. சும்மா இருக்கும் கணினியில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்தால் 1.45 வோல்ட் என்றெல்லாம் காட்டும். ஒரு கோர் கொஞ்ச நேரம் துள்ளும்போது கரண்ட் குறைவு என்பதால் அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு "1.45 தாங்கும் போலிருக்கே" என்று எல்லாக் கோருக்கும் நிலையாக எழுதினீர்கள் என்றால், சிப் மெல்ல மெல்லத் தேயும்.

சரியான வழி, வோல்டேஜைக் குறைப்பது. வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு வர்க்கத்தில் கூடும். அதே வேகத்தில் 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் சுமார் 15 சதவீதம் மின்சாரம் மிச்சம். சூடும் அந்த அளவுக்கு இறங்கும். ப்ராசசர் அந்த இடைவெளியைப் பார்த்து, "இன்னும் இடம் இருக்கிறதே" என்று தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

இதற்கான இடம் கர்வ் ஆப்டிமைசர். பயாஸில் அட்வான்ஸ்டு, அதற்குள் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதற்குள் பிரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்று போனால் கிடைக்கும். போர்டுக்குப் போர்டு பாதை கொஞ்சம் மாறும். ஓவர்டிரைவை அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றுங்கள். மின்சார எல்லையைப் போர்டின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள், சில போர்டுகள் எல்லையே இல்லாத அளவுக்குத் திறந்துவிடும். 5600எக்ஸுக்கு ஏஎம்டி வைத்த எல்லை பிபிடி (மொத்த மின்சாரம்) 76 வாட், டிடிசி (தொடர்ந்து போகும் கரண்ட்) 60 ஆம்பியர், இடிசி (கண நேர உச்சக் கரண்ட்) 90 ஆம்பியர். டவர் கூலர் இருந்தால் 100, 70, 100 என்று வைக்கலாம். கூடவே வெப்ப எல்லையை 85 டிகிரி என்று எழுதிவிடுங்கள். சிப்பின் எல்லை 95தான் என்றாலும் அதுவரை போக விடுவானேன்.

இப்போது கர்வ். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். சினிபெஞ்ச் பத்து நிமிடம். நின்றதா? மைனஸ் 15, மறுபடி ஓட்டம். மைனஸ் 30 வரை எண் இருக்கிறது என்பதற்காக அங்கே குதிக்க வேண்டாம். 'மேக்ஸ் பூஸ்ட்' என்று 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டும் இடமும் அதே பக்கத்தில் இருக்கிறது. இப்போதைக்கு அது பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.

சும்மா இருக்கும்போது விழும் கணினி

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ரேமிலும் பழைய ஓவர்கிளாக்கிலும் சுமை ஏற்றினால்தான் கோளாறு வெளியே வரும். கர்வ் ஆப்டிமைசரில் பெரும்பாலும் தலைகீழ். சுமை ஏறும்போது கோர்கள் வேகத்தைக் குறைத்து, வசதியாக ஓடும். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில்தான் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் துள்ளும், அங்கேதான் வோல்டேஜ் பற்றாமல் போகும்.

என் நோட்டிலிருந்து அப்படியே ஒரு பக்கம்: "மைனஸ் 25 எல்லாக் கோரும். சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓகே. அறை 33." அதற்குக் கீழே மறுநாள்: "காலை. லாகின் திரை. ராத்திரி ரீஸ்டார்ட் ஆகியிருக்கு." அதற்குக் கீழே: "சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் மறுபடி." ஒரு கேமும் ஓடவில்லை, ஒரு ஃபேனும் சத்தம் போடவில்லை. சும்மா இருந்த கணினி விழுந்திருக்கிறது.

இப்படி நடந்தால் விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைகளை விண்டோஸ் குறித்துவைக்கும் இடம்) என்ற பெயரைத் தேடுங்கள். ஈவென்ட் 18 என்று சிவப்பாக ஒன்று இருந்தால், அதன் உள்ளே ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். இந்த ப்ராசசரில் ஒரு கோருக்கு இரண்டு எண். 0, 1 என்றால் பெரும்பாலும் முதல் கோர், 6, 7 என்றால் நான்காவது. குற்றவாளி யார் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கர்வை எல்லாக் கோருக்கும் பொதுவாக வைக்காமல் கோருக்குக் கோர் என்று மாற்றி, அந்த ஒன்றை மட்டும் ஐந்தைந்தாக மேலே கொண்டுவாருங்கள். எனக்கு விழுந்தது, ரைசன் மாஸ்டர் மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் காட்டும் முதல்தரக் கோர். நல்ல கோருக்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜ்தான் போகிறது, அதிலிருந்து பிடுங்க மிச்சம் அதிகமில்லை. கடைசியில் அது மைனஸ் 8-ல் நின்றது. மற்றவை மைனஸ் 20.

இந்தக் கண்ணாமூச்சியைச் சுருக்க கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பிரைம்95 போன்ற சோதனையை ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும், தவறிய கோரின் பெயரைச் சொல்லும். ஓர் இரவு ஓடட்டும். அதன்பிறகு ஒரு வாரம் வழக்கமான வேலை, ஸ்லீப்பில் போட்டு எழுப்புவது உட்பட. அந்த ஒரு வாரத்தில் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று எதுவுமே தலைகாட்டக்கூடாது. ஈவென்ட் 19 மஞ்சளாக வந்துகொண்டே இருந்தால் முதலில் ஃபேப்ரிக் வேகத்தைச் சந்தேகப்படுங்கள்.

பூட் ஆகவில்லையா?

ஆகாமல் போகும், ஒருமுறையாவது. பெரும்பாலான போர்டுகள் சில முயற்சிக்குப் பிறகு தாங்களே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, மதர்போர்டில் க்ளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி இணையுங்கள். பின் எங்கே என்று தெரியவில்லையா, பொத்தான் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லா அமைப்பும் அழிந்து புதிதாகத் தொடங்கும். நோட்டில் எழுதியிருப்பவர் பத்து நிமிடத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிடுவார்.

இன்டெல்காரர்களுக்கு

பெயரின் கடைசியில் 'கே' உள்ள ப்ராசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கெண்ணை மாற்ற முடியும். ரேமை மட்டும் ஏற்ற பி560, பி660, பி760 போதும். எச்610-ல் அதுவும் இல்லை. ரேம் படிகள் மேலே சொன்னவைதான்.

13, 14-ம் தலைமுறை வைத்திருப்பவர்கள் எதற்கும் முன் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அவற்றில் சில ப்ராசசர்கள் தேவைக்கு மீறிய வோல்டேஜால் காலப்போக்கில் தடுமாறின. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (பயாஸ் வழியாக ப்ராசசருக்குள் ஏறும் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஓவர்கிளாக் செய்யாமல் கம்பெனி அமைப்பில் ஓடியவற்றுக்கே இந்தக் கதி. பயாஸில் 'ஆட்டோ' என்று இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஏஎம்டியிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2023-ல் 7000 வரிசையில் சில 3டி ப்ராசசர்கள் கருகிய பிறகு, சாக் வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பூட்டு போட்டது. டிடிஆர்5-ல் எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் அமைப்பு) இயக்குகிறவர்கள் அந்த ஓர் எண்ணைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மே மாதத்தில் ஒருமுறை

எல்லாம் நின்றதும் பயாஸில் புரொஃபைலாகச் சேமியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பயாஸைப் புதுப்பித்தால் அந்தப் புரொஃபைல்கள் பெரும்பாலும் செல்லாது. டிசம்பர் இரவில், அறை 24 டிகிரியில் இருக்கும்போது சோதித்து 76 டிகிரி என்று எழுதியிருப்பீர்கள். ஏசி இல்லாத அறையில் மே மாத மத்தியானம் 36 என்றால் அந்த 76 கிட்டத்தட்ட 88 ஆக வேண்டும். வெப்ப எல்லை 85 என்பதால் வேகம் தானாகக் குறையும். ரேமுக்கு அப்படித் தானாகக் குறைக்கும் வசதி இல்லை, சூட்டில் அது பிழை விடத்தான் செய்யும். அதனால் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், ஜன்னலைச் சாத்திவிட்டு, கேம் ஒன்றை ஓடவிட்டுக் கேபினெட்டைச் சூடாக்கி, உடனே டெஸ்ட்மெம்5-ஐ ஒருமுறை ஓட்டுங்கள். பிழை பூஜ்யம் என்றால் நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, அலமாரியிலிருக்கும் பேக்கப் டிஸ்கை எடுத்துச் செருகலாம்.